முதலில் ஹாலை அளந்துவிடுங்கள்

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வீடுகளில் பெரிய ஸ்பீக்கர் வைக்க ஆசைப்படும் ரசிகர்களுக்கு,

ஓய்வுபெற்றபோது வந்த பணமோ, வருடக்கணக்கில் சேர்த்துவைத்ததோ, ஒரு தொகை கையில் இருக்கிறது. மார்கழிக்குள் வீட்டில் ஒரு நல்ல ஜோடி டவர் ஸ்பீக்கரும் அதற்கேற்ற ஆம்ப்ளிஃபையரும் வைத்துவிட வேண்டும் என்று மனம் துடிக்கிறது. நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடக்கும்போதும், சபா கேன்டீனில் காபிக்கு நிற்கும்போதும் உங்களில் பலரிடம் இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். எந்தக் கம்பெனி, எத்தனை வாட்ஸ் என்பதில்தான் அது எப்போதும் தொடங்குகிறது. நான் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்விகள். உங்கள் ஹால் எத்தனைக்கு எத்தனை? நீங்கள் அதிகம் கேட்பது யாருடைய பாட்டு? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் மற்றவற்றில் பெரும்பகுதி தானாக முடிவாகிவிடும். தெரியாமல் போனால், பல லட்சம் கொடுத்து வாங்கிய பெட்டி ஆறு மாதத்தில் செய்தி கேட்க மட்டும் பயன்படும்.

ஹாலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம் ஊரில் ஒலியைக் கெடுப்பதில் முதலிடம் அதற்குத்தான். தி.நகரில் ஒரு அடுக்ககத்தின் ஹாலை எடுத்துக்கொள்வோம். பதினாறடி நீளம், பதினொரு அடி அகலம், பத்தடி உயரம். நான்கு பக்கமும் சிமெண்ட் பூசிய சுவர், கீழே விட்ரிஃபைட் டைல்ஸ், ஒரு பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட பால்கனி. ஒலி எதில் பட்டாலும் குறையாமல் திரும்பி வரும் அறை இது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே அது போய்வரும்போது, அளவுக்கேற்ற சில சுருதிகள் மட்டும் பெருத்துக் கேட்கும். நம் வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர். கணக்குப் போட்டால் பதினாறடி நீளம் 36, 72, 107 ஹெர்ட்ஸிலும், பதினொரு அடி அகலம் 52, 104 ஹெர்ட்ஸிலும், பத்தடி உயரம் 57 ஹெர்ட்ஸிலும் முழங்கும். ஸ்பீக்கர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இந்த எண்கள் மாறாது. சுவரை இடித்தால்தான் மாறும்.

இது உலகத்தில் எல்லோருக்கும் உள்ள பிரச்சினைதான். ஆனால் கர்நாடக இசை கேட்கிறவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் படுத்தும். மேற்கத்திய இசையில் அடிநாதம் பாட்டுக்குப் பாட்டு, ஒரே பாட்டுக்குள்ளேயே நகர்ந்துகொண்டிருக்கும். ஒரு சுரம் அறையில் முழங்கினாலும் அடுத்த நொடியில் போய்விடும். நம் கச்சேரியோ வர்ணத்திலிருந்து மங்களம் வரை ஒரே சுருதியில் நிற்பது. தம்பூரா மூன்று மணி நேரம் விடாமல் அதையே மீட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்றரைக் கட்டையில் பாடும் ஒரு வித்வானின் தம்பூராவில் முதல் தந்தியான மந்திர பஞ்சமம் 104 ஹெர்ட்ஸ். ஐந்தரைக் கட்டையில் பாடும் விதுஷிக்கு நான்காவது தந்தியான மந்திர ஷட்ஜமம் அதே 104. பதினொரு அடி அகலமுள்ள ஹாலின் முழக்கமும் அதே எண்தான். அந்த ஹாலில் அந்தக் கச்சேரியைப் போட்டால், தம்பூரா பின்னணியில் நிற்காமல் அறை முழுக்க ஒரு ரீங்காரமாகப் பரவி, குரலின் மேலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். "ஸ்பீக்கர் பூம் என்கிறது, பேஸ் ஜாஸ்தி" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம். ஸ்பீக்கர் மேல் குற்றமே இருக்காது.

இதற்குப் பரிகாரம் உண்டு, பெரும்பாலும் காசில்லாமலே. இரண்டு ஸ்பீக்கரையும் குறுகிய சுவர்ப் பக்கம் வைத்து, ஒவ்வொன்றையும் பக்கச் சுவரிலிருந்து அகலத்தில் கால் பங்கு தள்ளி நிறுத்துங்கள். பதினொரு அடிக்கு இது இரண்டே முக்கால் அடி. அந்த இடத்தில் 104 ஹெர்ட்ஸ் அலையின் அழுத்தம் ஏறத்தாழச் சூனியம். அங்கிருந்து ஒலிக்கும் பெட்டியால் அந்த முழக்கத்தைத் தட்டி எழுப்ப முடியாது. பின்சுவரிலிருந்து இரண்டடியாவது முன்னுக்கு இழுங்கள். நீங்கள் உட்காரும் சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். சுவரோரத்தில்தான் எல்லா முழக்கமும் உச்சத்தில் இருக்கும். உங்களுக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு முன்னால் வந்து உட்கார்ந்து பாருங்கள். அதே பதிவு வேறாகக் கேட்கும்.

இதைச் சொன்னதும் வீட்டில் என்ன எதிர்ப்பு வரும் என்று எனக்குத் தெரியும். ஹால் என்பது வாசலிலிருந்து சமையலறைக்குப் போகிற வழி. ஊஞ்சல் அங்கேதான், நவராத்திரிக்குக் கொலுப்படியும் அங்கேதான். ஸ்பீக்கரை முன்னுக்கு இழுக்கவே முடியாது என்றால், வாங்கும்போதே அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள். பின்பக்கம் காற்றுத்துளை உள்ள பெட்டியைச் சுவரோரம் வைத்தால் அடிநாதம் வீங்கும். முன்பக்கம் துளை உள்ளதோ, முழுக்க மூடிய பெட்டியோ சுவரோடு ஒத்துப்போகும். சில கம்பெனிகள் துளையை அடைக்க ஸ்பாஞ்ச் அடைப்பானும் சேர்த்தே தருகின்றன. கேட்டு வாங்குங்கள்.

டைல்ஸ் தரைக்கும் வழி இருக்கிறது. ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு கனமான பவானி ஜமுக்காளம், பால்கனிக் கண்ணாடிக்குத் தடித்த திரை, பக்கச் சுவரில் புத்தக அலமாரி. அலமாரியில் புத்தகங்கள் முன்னும் பின்னுமாகக் கலைந்து கிடந்தால் இன்னும் நல்லது. கண்ணாடி ஷோகேஸும் இரும்பு பீரோவும் இந்த அறையில் வேண்டாம். மிருதங்கத்தின் ஒவ்வொரு தொப்பிக்கும் அவை தாங்களும் ஒரு சொல் சேர்த்து வாசிக்கும். மயிலாப்பூர் மாடவீதிகளின் பின்னால் இன்னும் மிச்சமிருக்கும் பழைய வீடுகளில் வசிக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய மெட்ராஸ் டெரஸ் கூரை, உயரமான மேல்தளம், திறந்த முற்றம். ஒலி அங்கே சிதறிப் போகிறது, சுவரில் மோதித் திரும்பி வருவதில்லை. அப்படி ஒரு கூடம் இருந்தால் பாதிச் செலவு மிச்சம்.

இனி இரண்டாவது கேள்வி, யாருடைய பாட்டு? நம்மில் பெரும்பாலோர் காலையில் அரியக்குடியையோ மதுரை மணி ஐயரையோ கேட்டு, மாலையில் எண்பதுகளின் இளையராஜாவுக்குப் போகிறவர்கள். இரண்டும் ஸ்பீக்கரிடம் கேட்பது வேறு வேறு. பேஸ் கிட்டாரின் கீழ்த்தந்தி 41 ஹெர்ட்ஸ். ரஹ்மானின் மின்னணு அடிநாதங்கள் அதற்கும் கீழே இறங்கும். கர்நாடகக் கச்சேரியில் ஒரு கட்டைத் தம்பூராவின் மந்திர ஷட்ஜமமே 65 ஹெர்ட்ஸ்தான். அதற்குக் கீழே இசை என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமில்லை. கச்சேரி மட்டுமே கேட்பவர் இருபது ஹெர்ட்ஸ் வரை இறங்கும் பிரம்மாண்டப் பெட்டிக்குப் பணம் கொட்டினால், அந்தப் பணத்தில் பாதி மைக் ஸ்டாண்டில் யாரோ காலால் இடித்த சத்தத்தைக் கேட்பதற்கே போகும். சிறிய ஹாலில் பெரிய ஊஃபர் நன்மையைவிட முழக்கத்தைத்தான் அதிகம் கொடுக்கும். ஆறரை அங்குல ஊஃபர் இரண்டு வைத்த நடுத்தர டவர், இந்தப் பதினாறடி ஹாலுக்கு நிறைவாகப் போதும் என்பது என் தீர்மானமான கருத்து.

ஆனால் நடுப்பகுதியில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பல ஸ்பீக்கர்களில் ஒலி 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸுக்குள் எங்கோ ஓரிடத்தில் பெரிய கூம்பிலிருந்து சின்ன ட்வீட்டருக்குக் கைமாறுகிறது. காது மிகக் கூர்மையாக இருப்பதும் அங்கேதான், வயலினின் மேல் அனுசுரங்கள் நிறைந்து கிடப்பதும் அங்கேதான். கைமாற்றம் சரியில்லை என்றால் லால்குடியின் வில் ஒரு கூம்பிலும் அதன் பளபளப்பு வேறொரு கூம்பிலுமாகப் பிரிந்து கேட்கும். மூன்று வழி ஸ்பீக்கரில் நடுவிலுள்ள தனிக் கூம்பு குரலின் பெரும்பகுதியைத் தானே சுமக்கிறது. என்னைக் கேட்டால் குரலிசை ரசிகருக்கு அதுதான் ஏற்றது. இன்னொரு வழியும் உண்டு. கொச்சியில் ஜேக்கப் ஜார்ஜ் என்ற கட்டடக் கலைஞர் ரெத்தம் என்ற பெயரில் ஸ்பீக்கர் செய்கிறார். பாவா, மார்கா, சாதனா என்று மாடல்களுக்குப் பெயர். ஒரே அகன்ற வீச்சுக் கூம்பு குரல் பகுதி முழுவதையும் பிரிக்காமல் பாடுவதுதான் அவற்றின் அடிப்படை. கொல்கத்தாவின் சோனோடைனும் 1970 முதல் இந்தத் தொழிலில் இருக்கிறது. வெளிநாட்டுப் பெயரைத் தேடிப் போகும் முன் இவற்றையும் கேட்டுவிடுங்கள்.

மிருதங்கத்தையும் தம்பூராவையும் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு ஸ்பீக்கரைச் சோதிக்க இவற்றைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை. நம் பிரசிடென்சி கல்லூரியில் படித்த சி.வி.ராமன் 1920-இலேயே இந்திய மேளங்களைப் பற்றி நேச்சர் இதழில் எழுதினார், 1934-இல் இன்னும் விரிவாக. சாதாரண மேளத்தின் தோல் எழுப்பும் மேல் அதிர்வுகள் ஒன்றோடொன்று சுருதி சேராதவை. வலந்தலையில் பூசிய கறுப்புக் கரணை அந்தத் தோலுக்கு எடை கூட்டி, அவற்றை அனுசுர வரிசையில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அதனால்தான் நம் மிருதங்கம் ஷட்ஜமத்தில் சேர்ந்து நிற்கிறது. நல்ல ஸ்பீக்கரில் சாப்பு விழும்போது அடியும் அதன் பின்னே எழும் சுருதியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். சுமாரானதில் வெறும் 'டப்' கேட்கும். இடந்தலையில் மணிக்கட்டை அழுத்தி நகர்த்தும் கும்கியைக் கவனியுங்கள். அது கீழிருந்து மேலே வளைந்து ஏறும் ஒரே கோடு. ஏறும் வழியில் ஓரிடத்தில் திடீரென்று பெருத்து மீண்டும் குறைந்தால், பெட்டியோ அறையோ நடுவில் குறுக்கிடுகிறது என்று பொருள்.

தம்பூராவைப் பற்றியும் ராமன் 1921-இல் கட்டுரை எழுதியிருக்கிறார். குதிரையின் வளைவும் அதில் செருகிய ஜீவாளி நூலும் சேர்ந்துதான் தந்தியிலிருந்து அத்தனை அனுசுரங்களை எழுப்புகின்றன. அவை மீட்டுக்கு மீட்டு ஒளிர்ந்து மங்குவது காதுக்குத் தெரிந்தால் ட்வீட்டர் நல்லது. எல்லாம் ஒரே இரைச்சலாகக் கலந்தால் வேறு ஸ்பீக்கரைப் பாருங்கள்.

இப்போது ஆம்ப்ளிஃபையர். வாட்ஸ் என்ற எண்ணுக்கு நம் ஊர் கொடுக்கும் மரியாதை அதிகம். ஸ்பீக்கரின் உணர்திறன் என்று ஒன்று டெசிபலில் போட்டிருப்பார்கள். குறிப்பிட்ட அளவு மின்சக்தி கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் கொடுக்கிறது என்ற கணக்கு அது. கெஃப் ஆர்7 மெட்டா 88 டெசிபல், கிளிப்ஷ் ஃபோர்ட்டே நான்காம் பதிப்பு 99 டெசிபல். வித்தியாசம் பதினொன்றுதானே என்று தோன்றும். மூன்று டெசிபலுக்கு ஒருமுறை சக்தி இரட்டிப்பாக வேண்டும், ஆக ஒரே சத்தத்துக்கு முன்னதற்குப் பன்னிரண்டு மடங்குக்கும் மேல் வாட்ஸ் தேவை. பின்னதை எட்டு வாட்ஸ் 300பி வால்வு ஆம்ப்ளிஃபையர்கூடப் பாட வைத்துவிடும். முன்னதற்கு அது மூச்சுத் திணறும்.

ஆனாலும் பயந்து ஐநூறு வாட்ஸ் தேட வேண்டாம். எட்டடி தூரத்தில் உட்கார்ந்தால், 88 டெசிபல் ஜோடி ஒன்று ஓரிரு வாட்ஸிலேயே வீட்டுக்குத் தாராளமான சத்தத்தைக் கொடுத்துவிடும். தனியின் உச்சத்தில் மோராவும் கோர்வையும் வெடிக்கும் கணங்களுக்காகத்தான் மீதி எல்லாம். அந்தக் கணங்களில் இருபது டெசிபல் கூடுதலாகப் போகிறது என்று வையுங்கள், சக்தி நூறு மடங்கு வேண்டும். ஆக நூறு வாட்ஸ், ஆனால் உண்மையான நூறு. உண்மையா என்று பார்க்க ஒரு வழி: எட்டு ஓமுக்கு எத்தனை, நான்கு ஓமுக்கு எத்தனை என்று கேளுங்கள். எண் ஏறத்தாழ இரட்டிப்பானால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் தாராளமாக இருக்கிறது. பல நல்ல டவர்கள் எட்டு ஓம் என்று எழுதியிருந்தாலும் சில அதிர்வெண்களில் மூன்று ஓமுக்குச் சரிந்துவிடும். அங்கே மின்சாரத்தைத் தள்ள முடியாத ஆம்ப்ளிஃபையர் சுருதி சுத்தமாக இருந்தும் உயிரில்லாமல் கேட்கும். வால்வு விரும்பிகள், ஓம் கோடு அதிகம் ஏறி இறங்காத, உணர்திறன் மிகுந்த ஸ்பீக்கரை முதலில் தேர்ந்துகொள்ளுங்கள். டெல்லியில் லிரிட்டா போன்றவர்கள் வால்வு ஆம்ப்ளிஃபையர்களை இங்கேயே செய்கிறார்கள். பழுது வந்தால் கப்பலேற்ற வேண்டியதில்லை.

சென்னை வெயிலையும் கணக்கில் சேருங்கள். கிளாஸ் ஏ வகையும் வால்வும் பாடாவிட்டாலும் சூடாக எரிந்துகொண்டே இருக்கும். மே மாதத்தில் ஒரு சின்ன ஹாலில் அதோடு உட்கார ஏசி வேண்டும், ஏசியின் இரைச்சல் தம்பூராவை மூடும். சூடு பத்து டிகிரி கூடினால் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். மூடிய அலமாரிக்குள் ஆம்ப்ளிஃபையரை வைக்கவே வைக்காதீர்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் கடற்காற்றில் உப்பு. கூம்பின் விளிம்பில் ஃபோம் இருந்தால் ஈரத்தில் பொடியாக உதிரும், அதனால் ரப்பர் விளிம்பே நல்லது. பழைய பெட்டி வாங்குகிறவர்கள் முதலில் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டியது அதைத்தான். வயர் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

மின்சாரத்துக்கு, தனியாக ஒரு 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட், சரியான எர்த். 'ஹம்' வருகிறது என்று எர்த் பின்னைக் கழற்றும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அது உயிருக்கு ஆபத்து, ஒருபோதும் வேண்டாம். ஆம்ப்ளிஃபையர், டிவி, கேபிள் பெட்டி எல்லாவற்றையும் ஒரே பாயிண்டிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் ஹம் போய்விடும். ஸ்பீக்கர் வயருக்கு ரிச்சி தெருவில் மீட்டர் கணக்கில் விற்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும். ஐந்து மீட்டருக்கு அதன் தடை ஓமில் பத்தில் ஒரு பங்குகூட வராது. கேபிளுக்கென்று லட்சம் கேட்பவரிடமிருந்து நகர்ந்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் கடைக்காரர்களும் புத்தகங்களும் சொல்வதில்லை. நாம் உயிராக நினைக்கும் பதிவுகளில் பாதி பழைய மோனோ. ஜி.என்.பி. 1965-இலும் அரியக்குடி 1967-இலும் மதுரை மணி ஐயர் 1968-இலும் மறைந்துவிட்டார்கள். அவர்களுடைய கச்சேரிகள் வானொலி வழியாகவும், ரசிகர்கள் ஸ்பூல் டேப்பில் எடுத்து, கேசட்டுக்கு மாற்றி, அதிலிருந்து மீண்டும் மாற்றியும் நம்மிடம் வந்து சேர்ந்தவை. மேல்பகுதி கூராக ஒலிக்கும் ஸ்பீக்கர் கடையில் பளிச்சென்று இருக்கும். வீட்டில் ஜி.என்.பி.யின் பிருகாவுக்கு முன்னால் டேப்பின் சீறலைக் கொண்டுவந்து நிறுத்தும். அதனால் மேல்பகுதி சாந்தமான ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள். ஆம்ப்ளிஃபையரில் ட்ரெபிள், பேஸ் திருகுகளும் மோனோ ஸ்விட்சும் இருக்கட்டும். உயர் ரகம் என்ற பெயரில் பல கம்பெனிகள் இந்தத் திருகுகளை எடுத்துவிட்டன. நம் பதிவுகளுக்கு அவை கண்டிப்பாக வேண்டும், இல்லாத ஆம்ப்ளிஃபையரை நான் பரிந்துரைக்க மாட்டேன். மோனோ பதிவு சோதனைக்கும் உதவும். அதைப் போட்டால் குரல் இரண்டு பெட்டிகளுக்கும் நட்டநடுவில் ஒரு புள்ளியாக நிற்க வேண்டும். பரவியோ ஒரு பக்கம் சாய்ந்தோ கேட்டால், பெட்டிகளின் கோணத்தைத் திருத்துங்கள்.

கடையில் உங்களுக்கு ஈகிள்ஸ் குழுவின் ஹோட்டல் கலிஃபோர்னியாவை மேடைப் பதிவில் போட்டுக் காட்டுவார்கள். எந்தப் பெட்டியையும் அழகாகக் காட்டும் பதிவு அது. மரியாதையாக அதை நிறுத்தச் சொல்லி, நீங்கள் கொண்டுபோனதைப் போடச் சொல்லுங்கள். ஒரு பழைய மோனோ விருத்தம், சார்சூர் நிறுவனம் வெளியிட்ட டிசம்பர் சீசன் கச்சேரிப் பதிவு ஒன்று, காருகுறிச்சியின் நாதஸ்வரமும் தவிலும், பேஸ் கிட்டார் நன்றாக ஓடும் ஒரு இளையராஜா பாட்டு. நாதஸ்வரத்தில் சத்தம் கூடக்கூட ஒலி இறுகி முகத்தில் அறைந்தால், ஆம்ப்ளிஃபையரோ ஸ்பீக்கரோ எல்லையைத் தொட்டுவிட்டது.

காதுக்கு அளவுகோல் வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். சபாவில் நாம் கேட்பதே இன்னொரு ஸ்பீக்கரின் ஒலி. மைக்கே வேண்டாம் என்று பாலக்காடு மணி ஐயர் பிடிவாதம் பிடித்ததன் அர்த்தம், மைக் இல்லாமல் ஒரு கச்சேரி கேட்கும்போதுதான் விளங்குகிறது. லஸ்ஸில் ராகசுதா ஹால் மாதிரி சின்ன அரங்கில் மைக்கில்லாத கச்சேரி நடந்தால் முன்வரிசையில் போய் உட்காருங்கள். பக்கத்து வீட்டில் மிருதங்க வகுப்பு நடந்தால் அரைமணி நேரம் அனுமதி கேட்டு உள்ளே உட்காருங்கள். பல லட்சம் செலவழிக்கும் முன் இந்தச் செலவில்லாத வேலையைச் செய்யாதவர்கள் அநேகம்.

கீழ்வீட்டாரையும் மறக்க வேண்டாம். ஸ்பீக்கரின் கூர் ஆணிகள் கான்கிரீட் தளத்துக்குள் நேராக அதிர்வை இறக்கும். ஒரு கிரானைட் பலகையும் அதற்கடியில் ரப்பரும் வையுங்கள். இரவு பத்துக்கு மேல் குடியிருப்புப் பகுதிக்குச் சட்டம் வைத்த வரம்பு 45 டெசிபல். டிராஃபிக் ஓய்ந்து, மின்விசிறியையும் குறைத்துவிட்டு, மெல்லிய சத்தத்தில் கேட்கிற அந்த நேரத்தில்தான் நல்ல ஸ்பீக்கர் தன் தகுதியைக் காட்டும். குறைந்த சத்தத்தில் நிறைவாகக் கேட்காத பெட்டியை, எத்தனை பேர் புகழ்ந்தாலும் வாங்காதீர்கள்.

கடைசியாக, ஏற்கெனவே வாங்கி வீட்டில் நிறுத்திவிட்ட ரசிகர்களிடம் ஒரு விண்ணப்பம். கடையின் காட்சி அறை எதுவும் நம் ஹால் ஆகாது. நம் டைல்ஸ், நம் கூரை, நம் தெரு இரைச்சல் எல்லாம் இருக்கிற ஒரு வீட்டில் கேட்டால்தான் வாங்கப்போகிறவருக்குத் தெளிவு பிறக்கும். ஆகவே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், தெரிந்தவர்கள் நாலைந்து பேருக்கு உங்கள் கதவைத் திறந்துவையுங்கள். அவர்கள் கொண்டுவரும் பதிவைப் போட்டுக் காட்டுங்கள். ஹாலின் நீள அகலத்தையும், பெட்டிகளைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைத்திருக்கிறீர்கள் என்பதையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். என் வீட்டில் இந்த மாதம் முதல் ஞாயிறு மூன்று மணிக்குத் தொடங்குகிறேன். காபி உண்டு, டேப் அளவுகோலும் உண்டு.

அன்புடன்,
மயிலாப்பூரிலிருந்து உங்கள் சக ரசிகன்